டிஸ்க்கில் இடம் இருந்தும் கேஷ் நின்றது ஏன்? ஒரு நிகழ்வு ஆய்வு

"அண்ணா, டிஎஃப் போட்டுப் பாருங்க. 38 சதவீதம்தான் நிரம்பியிருக்கு. இவ்வளவு இடம் இருக்கும்போது கேஷ் ஏன் வேலை செய்யல?"

குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் கட்டளைதான் டிஎஃப். அவர் சொன்னது சரிதான். கேஷுக்கென்றே ஒதுக்கிய 100 ஜிபி பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் தனிப் பகுதி) பாதிகூட நிரம்பவில்லை. ஆனால் முந்தைய நாள் ஒருமுறை படித்து முடித்த அதே படங்களை அந்தக் கணினி மறுபடியும் நெட்வொர்க் வழியாக இழுத்துக்கொண்டிருந்தது. இயந்திரக் கற்றலுக்கான பயிற்சி ஓட்டம் முதல் நாள் எடுத்த அதே ஐந்து மணி நேரத்தை இரண்டாம் நாளும் எடுத்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் ஆனது. லினக்ஸில் டிஸ்க் கேஷ் வைத்திருப்பவர்கள் பலர் இதே இடத்தில் தடுக்கி விழுவார்கள் என்று தோன்றுவதால் முழுக் கதையையும் எழுதுகிறேன்.

எங்கள் அமைப்பு எளிமையானது. தன் கோப்புகளை நெட்வொர்க் வழியாக மற்ற கணினிகளுக்குத் தரும் ஒரு என்எஃப்எஸ் சர்வர், அதிலிருந்து தரவை எடுத்து வேலை செய்யும் 14 லினக்ஸ் கணினிகள். சர்வரிலிருந்து வெளியே வரும் இணைப்பு 1 ஜிகாபிட்தான். நடைமுறையில் வினாடிக்கு ஏறத்தாழ 110 எம்பி கிடைக்கும். 14 கணினிகளும் ஒரே நேரத்தில் படித்தால் ஆளுக்கு 8 எம்பி கூட வராது. ஒவ்வொரு கணினியிலும் ஒரு எஸ்எஸ்டி பெரும்பாலும் காலியாகக் கிடந்தது. சர்வரிலிருந்து ஒருமுறை எடுத்ததை அதில் வைத்துக்கொண்டால், அடுத்த முறை சர்வரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. அதற்காகத்தான் இந்தக் கேஷ்.

இங்கே நான் சொல்லும் கேஷ், ஃப்ரீ கட்டளை காட்டும் நினைவகக் கேஷ் அல்ல. நினைவகத்தில் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வைத்துக்கொள்ளும் பக்கங்கள் கணினியை அணைத்தால் போய்விடும். எங்கள் கணினிகளில் 32 ஜிபி நினைவகம், தரவோ 45 ஜிபி. அதனால் நினைவகக் கேஷை நம்பிப் பயனில்லை. டிஸ்க்கில் இருக்கும் கேஷ் மறுதொடக்கத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கும்.

யூனிக்ஸ் உலகில் இது பழைய யோசனை. 1980களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஏஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, சர்வரில் உள்ள கோப்பைப் பயனர் கணினியின் டிஸ்க்கில் வைத்துக்கொண்டு வேலை செய்தது. பிறகு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தன் சொலாரிஸ் இயங்குதளத்தில் கேஷ்எஃப்எஸ் என்று ஒன்றைத் தந்தது. லினக்ஸில் ரெட் ஹேட்டைச் சேர்ந்த டேவிட் ஹவல்ஸ் எழுதிய எஃப்எஸ்-கேஷ், 2009 ஜூனில் வந்த 2.6.30 கெர்னலில் சேர்ந்தது. என்எஃப்எஸ் மவுண்டில் (சர்வரின் அடைவைக் கணினியோடு இணைப்பது) எஃப்எஸ்சி என்ற விருப்பத்தைச் சேர்த்து, கேஷ்ஃபைல்ஸ்டி என்ற பின்னணி நிரலை ஓட விட்டால் போதும். டெபியனிலும் உபுண்டுவிலும் அந்த நிரலின் இயல்பமைப்புக் கோப்பில் ரன்=யெஸ் என்ற வரியைத் திறந்துவிட வேண்டும். அதை மறந்துவிட்டு, கேஷ் ஓடுகிறது என்று வாரக்கணக்கில் நம்பியவர்களை எனக்குத் தெரியும்.

இந்த மூன்றும் இடத்தைக் கையாளும் விதத்தில்தான் வேறுபடுகின்றன. எங்கள் பிரச்சினைகள் எல்லாமே அங்கிருந்துதான் முளைத்தன.

ஏஎஃப்எஸ்ஸில் கேஷின் அளவை நேரடியாகச் சொல்லிவிடுவோம். அதன் அமைப்புக் கோப்பு ஒரே வரிதான்: எங்கே மவுண்ட் ஆகிறது, கேஷ் எந்த அடைவில், எத்தனை 1 கேபி துண்டுகள். டிஸ்க்கில் கிடைக்கும் இடத்தில் சுமார் 95 சதவீதத்துக்கு மேல் கேஷுக்குக் கொடுக்காதீர்கள் என்று அதன் ஆவணமே எச்சரிக்கும். சொலாரிஸ் சதவீதத்தில் உச்சவரம்பு வைத்தது. இயல்பாக 90. இரண்டுமே "உனக்கு இவ்வளவு, அதற்கு மேல் போகாதே" என்று கேஷிடம் சொல்லும் முறை.

லினக்ஸ் முறை இதற்குத் தலைகீழ். "டிஸ்க்கில் இவ்வளவு காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள், மிச்சத்தை எடுத்துக்கொள்" என்கிறது. கேஷ்ஃபைல்ஸ்டியில் பி-ரன், பி-கல், பி-ஸ்டாப் என்று மூன்று எல்லைகள். அதனுடன் வரும் அமைப்புக் கோப்பில் 10, 7, 3 சதவீதம். காலி இடம் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பழைய பொருள்களை, அதாவது கேஷில் உள்ள நகல்களை, அழித்துக் கழிக்கத் தொடங்கும். 10 சதவீதத்துக்கு ஏறியதும் கழிப்பதை நிறுத்தும். 3 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் புதிதாக எதையும் கேஷில் சேர்க்காது. இந்தச் சதவீதம் எல்லாமே அந்தப் பார்ட்டிஷன் முழுவதின் காலி இடத்தைப் பற்றியது. கேஷ் எவ்வளவு எடுத்தது என்பதை அது பார்ப்பதே இல்லை.

இதை நான் முதல்முறை படித்தபோது சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. "10 சதவீதம்" என்று பார்த்ததும் கேஷ் டிஸ்க்கில் 10 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் என்று மனதில் பதிந்துவிட்டது. அதனால் முதல் அமைப்பில் கேஷை இயங்குதளம் இருக்கும் 40 ஜிபி வேர் பார்ட்டிஷனிலேயே, வழக்கமான வார் அடைவுக்குள் விட்டுவிட்டேன். நான்கு ஜிபிதானே, போகட்டும் என்ற நினைப்பு. உண்மையில் அது நான்கு ஜிபியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எடுத்துக்கொண்டது.

அது வெளியே தெரிந்த விதம்தான் விசித்திரம். ஒருநாள் மூன்று வாரத்துக்கு முந்தைய உள்நுழைவுப் பதிவைத் தேடினோம். கிடைத்தது சில நாள் பதிவு மட்டும். பதிவுகளைச் சேமிக்கும் நிரலான சிஸ்டம்டி-ஜர்னல்டியின் மீது சந்தேகப்பட்டு அதன் அமைப்பைக் குடைந்தோம், அதில் நாங்கள் எதையும் மாற்றியிருக்கவில்லை. பிறகுதான் கணக்குப் போட்டோம். ஜர்னல்டி இயல்பாகப் பார்ட்டிஷனில் 15 சதவீதம் காலியாக இருக்க வேண்டும் என்று விரும்பும், அதற்கு 4 ஜிபி என்ற உச்சவரம்பும் உண்டு. 40 ஜிபியில் 15 சதவீதம் 6 ஜிபி, எனவே அது பார்ப்பது 4 ஜிபியை. கேஷோ காலி இடத்தை 2.8 ஜிபிக்கும் 4 ஜிபிக்கும் இடையிலேயே வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே காலி இடத்தின் மேல் கண் வைத்திருந்தன, கேஷ் அதை ஜர்னல்டியின் எல்லைக்குக் கீழேயே பிடித்து வைத்தது. இடம் இல்லை என்று கண்ட ஜர்னல்டி தான் வளர்வதை நிறுத்திக்கொண்டது. இருந்த அளவுக்குள்ளேயே புதிய பதிவு வர வர, பழையது போய்க்கொண்டிருந்தது. ஒரு பிழைச் செய்தி கிடையாது. இரண்டு நிரல்களும் தங்கள் ஆவணத்தில் எழுதியபடியே நடந்துகொண்டன.

அன்றே கேஷைத் தனிப் பார்ட்டிஷனுக்கு மாற்றினோம். 100 ஜிபி, இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை, இயல்பமைப்பில் உருவாக்கியது. பதிவுகள் பிழைத்தன. பெரிய வீடியோக் கோப்புகளை வைத்து வேலை செய்த காலம் முழுக்க அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அப்புறம்தான் புதிய தரவு வந்தது. கையெழுத்துப் பக்கங்களை எழுத்து எழுத்தாக வெட்டிய படங்கள். மொத்தம் 90 லட்சம் கோப்புகள், ஒவ்வொன்றும் சராசரியாக 5 கேபி. தம்பி என் மேசைக்கு வந்தது அந்த வாரத்தில்தான்.

தேடிய வழி

முதலில் கேஷ் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று பார்த்தோம். புரொக் அடைவில் என்எஃப்எஸ் தொகுதிகளைக் காட்டும் பட்டியலில் எஃப்எஸ்சி என்ற பத்தி உண்டு. அதில் யெஸ் என்றே இருந்தது. கோப்புகளை எழுதுவதற்காகத் திறந்தால் என்எஃப்எஸ் அந்தக் கோப்புக்குக் கேஷைப் பயன்படுத்தாது, அதையும் சோதித்தோம். நிரல் படிப்பதற்கு மட்டும்தான் திறந்தது.

அடுத்து எஃப்எஸ்-கேஷின் புள்ளிவிவரக் கோப்பு. 5.17இல் எஃப்எஸ்-கேஷ் பெரும்பாலும் புதிதாக எழுதப்பட்டது. அதற்குப் பிந்தைய கெர்னல்களில் நோஸ்பேஸ் என்று ஒரு வரி வரும். அதில் மூன்று எண்கள்: எழுத இடமில்லாமல் மறுத்தவை, புதிய பொருளை உருவாக்க இடமில்லாமல் மறுத்தவை, கழித்தவை. இரண்டாவது எண் நாங்கள் பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தது. கழித்தவற்றின் எண்ணும் ஏறியது.

இடமில்லை என்று கெர்னல் சொல்கிறது, 60 ஜிபி காலி என்று டிஎஃப் சொல்கிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்?

டிஎஃப் கட்டளையை -எச் என்பதற்குப் பதிலாக -ஐ என்று கொடுத்தோம். ஐநோடு 95 சதவீதம் தீர்ந்திருந்தது. டிஸ்க்கில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவு வேண்டும், அதுதான் ஐநோடு.

கேஷ்ஃபைல்ஸ்டியின் அமைப்புக் கோப்பில் பி வரிசைக்குக் கீழேயே எஃப் வரிசை ஒன்று இருக்கிறது. எஃப்-ரன், எஃப்-கல், எஃப்-ஸ்டாப். அதே 10, 7, 3. பி என்பது பிளாக், அதாவது டிஸ்க் இடம் ஒதுக்கப்படும் துண்டு. எஃப் என்பது ஃபைல். முதல் வரிசை காலி பிளாக்குகளைப் பார்க்கும், இரண்டாவது காலி ஐநோடுகளைப் பார்க்கும். இரண்டில் எது முதலில் எல்லையைத் தொட்டாலும் கேஷ் நிற்கும். இந்த மூன்று வரிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மேலே உள்ளதன் மறுபதிப்பு போல இருந்ததால் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது.

கணக்கு இதுதான். இஎக்ஸ்டி4 இயல்பாக 16 கேபி இடத்துக்கு ஒரு ஐநோடு என்று உருவாக்குகிறது. 100 ஜிபியை 16 கேபியால் வகுத்தால் 65,53,600. அந்தப் பார்ட்டிஷனில் எப்போதும் அவ்வளவு கோப்புகள்தான் இருக்க முடியும், ஒவ்வொன்றும் ஒரு பைட் ஆனாலும் சரி. அதில் 7 சதவீதம் காலியாக இருக்க வேண்டும் என்றால் ஏறத்தாழ 61 லட்சம் கோப்புகளிலேயே கழிக்கும் வேலை தொடங்கிவிடும். எங்கள் படம் ஒவ்வொன்றும் டிஸ்க்கில் ஒன்று அல்லது இரண்டு 4 கேபி பிளாக்குகளை எடுத்துக்கொண்டது, சராசரியாக 6 கேபி. 61 லட்சத்தை 6 கேபியால் பெருக்கினால் 35 ஜிபி. தம்பி காட்டிய 38 சதவீதம் அங்கிருந்துதான் வந்தது. வீடியோக் காலத்தில் ஒரு கோப்பே பல நூறு எம்பி இருந்ததால் ஐநோடு எல்லையை நாங்கள் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை.

சரி, 61 லட்சம் கோப்புகள் கேஷில் இருந்தனவே, 90 லட்சத்தில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளூரிலிருந்து வந்திருக்க வேண்டாமா? வந்தது மிகக் குறைவு. தம்பிக்கு இதுதான் புரியவில்லை, விளக்க எனக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

60 பேர் உட்காரும் பந்திக்கு 90 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். உட்கார்ந்திருப்பவர் மறுபடி வந்தால் உடனே சாப்பாடு கிடைக்கும். இல்லாதவர் வந்தால், யார் உட்கார்ந்து அதிக நேரமாயிற்றோ அவரை எழுப்பிவிட்டு இவருக்கு இலை போடுகிறோம். 61ஆம் ஆள் வரும்போது முதலாமவர் எழுப்பப்படுகிறார். 90ஆம் ஆள் வரும்போது 30ஆம் ஆள் எழுப்பப்பட்டிருப்பார். அடுத்த சுற்றில் முதலாமவர் வருகிறார், அவர் இலை இல்லை. அவருக்கு இடம் கொடுக்க 31ஆம் ஆளை எழுப்புகிறோம். 31ஆம் ஆள் வந்து சேரும்போது அவரும் எழுந்து போயிருப்பார். 60 இலை எப்போதும் நிறைந்தே இருக்கும், ஆனால் வருகிற ஒருவருக்கும் அவருடைய இலை இருக்காது.

எங்கள் பயிற்சி நிரல் அப்படித்தான் படித்தது. பட்டியலில் உள்ள வரிசையிலேயே கோப்புகளை எடுத்து, நினைவகத்துக்கு வந்த சிறு தொகுதிக்குள் மட்டும் கலைத்தது. கேஷ்ஃபைல்ஸ்டி கழிப்பது கடைசியாகத் தொட்ட நேரத்தை வைத்து, பழையது முதலில். வரிசையாகச் சுற்றிவரும் வேலைக்கு இதைவிடப் பொருந்தாத ஒரு முறை இல்லை. கடைசியாகத் தொட்ட நேரத்தைத் துல்லியமாகப் பதிந்தாலும் இதில் மாற்றம் வராது. இன்னொரு விஷயம், அந்த நேரமே துல்லியமாகப் பதிவதில்லை. எஃப்எஸ்-கேஷ் வந்த அதே 2.6.30 கெர்னலில்தான் ரிலேடைம் என்ற மவுண்ட் விருப்பம் இயல்பானது. கோப்பு மாறாதவரை அது தொட்ட நேரத்தை 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். சிலர் எஸ்எஸ்டிக்கு நல்லது என்று கேஷ் பார்ட்டிஷனை நோஏடைம் (தொட்ட நேரத்தையே பதியாதே) என்று மவுண்ட் செய்வார்கள். அப்படிச் செய்தால் எது பழையது என்று அறியக் கேஷுக்கு வழியே இல்லாமல் போகும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

போதாததற்குக் கழிக்கும் வேலையும் பின்தங்கிவிட்டது. கழிக்க வேண்டியவற்றை நிரல் ஒரு அட்டவணையில் வைத்துக்கொள்கிறது. அதன் அளவு இரண்டின் அடுக்காகக் குறிக்கப்படும். இயல்பு 12, அதாவது 4096 இடங்கள். லட்சக்கணக்கில் சிறு கோப்புகளைத் தேடித் தேடி நிரப்பி, தீர்ந்ததும் மறுபடி தேடிக்கொண்டிருந்தது. அது தேடி முடிப்பதற்குள் புதிய கோப்புகள் 3 சதவீத எல்லையைத் தொட்டுவிடும், கெர்னல் புதியவற்றை மறுக்கும். நோஸ்பேஸ் வரியின் இரண்டாவது எண் ஏறியது அதனால்தான்.

செய்தது

ஐநோடு எண்ணிக்கையைப் பின்னால் கூட்ட இஎக்ஸ்டி4இல் வழியில்லை, பார்ட்டிஷனையே பெரிதாக்கினால் ஒழிய. உருவாக்கும்போதே சொல்லியாக வேண்டும். கேஷில் இருப்பது நகல்தான், அழித்தால் ஒன்றும் போகாது. அதனால் துணிந்து அழித்தோம். கேஷ்ஃபைல்ஸ்டியை நிறுத்தி, பார்ட்டிஷனை 8 கேபிக்கு ஒரு ஐநோடு என்ற கணக்கில் மறுபடி உருவாக்கினோம். 1 கோடியே 31 லட்சம் ஐநோடுகள் கிடைத்தன. 7 சதவீதத்தைக் கழித்தாலும் 90 லட்சம் தாராளமாக அடங்கும்.

4 கேபிக்கு ஒன்று என்று போகலாமா என்று தம்பி கேட்டார். கோப்பு முறைமையை உருவாக்கும் கட்டளையான எம்கேஇ2எஃப்எஸ்ஸின் அமைப்புக் கோப்பில் அதற்கென்று நியூஸ் என்ற தயார் வகையே இருக்கிறது. பழைய கணினி விவாதக் குழுக்களான யூஸ்நெட்டின் செய்திகள் ஒவ்வொன்றும் தனிச் சிறு கோப்பாகச் சேமிக்கப்பட்ட நாட்களின் மிச்சம் அந்தப் பெயர். பெயர் எனக்குப் பிடிக்கும், ஆனால் இங்கே வேண்டாம் என்றேன். ஒரு ஐநோடு 256 பைட். 4 கேபிக்கு ஒன்று என்றால் 100 ஜிபியில் 6 ஜிபிக்கு மேல் ஐநோடு அட்டவணைக்கே போய்விடும். 8 கேபிக்கு ஒன்று என்றால் 3 ஜிபியோடு முடிந்தது.

ரூட் என்ற நிர்வாகக் கணக்குக்கென்று ஒதுக்கும் 5 சதவீதத்தையும் பூஜ்ஜியமாக்கினோம். காலி இடத்தைக் கணக்கிடும்போது கேஷ் அந்த ஒதுக்கீட்டைக் காலியாகவே எண்ணாது, ஆனால் சதவீதத்தை மட்டும் மொத்த அளவின் மேல் போடும். எனவே இயல்பமைப்பில் 7 சதவீதமும் ஒதுக்கீட்டின் 5 சதவீதமும் சேர்ந்து 12 ஜிபி எப்போதும் சும்மா கிடக்கும். வேர் பார்ட்டிஷனில் அந்த ஒதுக்கீடு உயிர்காக்கும். கேஷ் மட்டும் இருக்கும் பார்ட்டிஷனில் அதற்கு வேலையில்லை.

10, 7, 3 என்ற எல்லைகளை மாற்றவில்லை. தனிப் பார்ட்டிஷன்தானே, 3, 2, 1 என்று இறுக்கிவிடலாம் என்று முதலில் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் கழிக்கத் தொடங்கும் எல்லைக்கும் நிற்கும் எல்லைக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் கழிக்கும் நிரலுக்குக் கிடைக்கும் அவகாசம். 4 சதவீதம் என்றால் 4 ஜிபி. மற்ற கணினிகள் சும்மா இருந்து ஒன்று மட்டும் முழு வேகத்தில் இழுத்தால், வினாடிக்கு 110 எம்பி கணக்கில் அது நிரம்ப அரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். 1 சதவீதமாக்கினால் 9 வினாடி. அதற்குள் பழையவற்றைத் தேடிப் பிடித்து அழிப்பது நடக்காது. அதற்குப் பதிலாக அட்டவணையின் அளவை 12லிருந்து 16 ஆக்கினோம், 65,536 இடங்கள். கொஞ்சம் நினைவகம் கூடுதலாகப் போகும், அது பெரிதில்லை.

முதல் ஓட்டம் கேஷை நிரப்பியது. இரண்டாவது ஓட்டத்தில் சர்வர் இணைப்பின் வரைபடம் தரையோடு படுத்தது. தம்பி அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டார். ஆனால் ஐந்து மணி நேரம் மூன்றரையாகத்தான் குறைந்தது. நான் இன்னும் அதிகம் எதிர்பார்த்திருந்தேன்.

கேஷில் தரவு இருந்தாலும், கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது சர்வரில் மாறியிருக்கிறதா என்று என்எஃப்எஸ் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் ஆகும் நேரம் 5 கேபி கோப்புக்கும் 500 எம்பி கோப்புக்கும் ஒன்றே. 90 லட்சம் கோப்பு என்றால் குறைந்தது 90 லட்சம் கேள்விகள். நெட்வொர்க்கில் தரவு ஓடவில்லை, கேள்விகள் ஓடிக்கொண்டிருந்தன. வரைபடத்தில் அவை ஒரு கோடாகக்கூடத் தெரியாது.

அதற்குக் கேஷ் பக்கத்தில் மருந்தில்லை. தரவை வைத்திருந்த விதத்தைத்தான் மாற்ற வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களை ஒரு டார் கோப்பாகக் கட்டினால் கோப்புகளின் எண்ணிக்கை சில ஆயிரமாகக் குறையும், கேள்விகளும் அப்படியே குறையும். தரவைத் தயாரித்தவர்களிடம் போய்ச் சொன்னோம். ஒவ்வொரு படத்தையும் பெயர் சொல்லித் திறந்து பார்க்க முடியாதே என்று தயங்கினார்கள், அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. மூலப் படங்களை அப்படியே சர்வரில் விட்டுவிட்டு, பயிற்சிக்கு மட்டும் கட்டிய நகலைத் தருவது என்று ஒரு மாதத்துக்குப் பிறகு முடிவானது. கட்டிய தரவு வந்த அன்று அதே ஓட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

இப்போது காலை அறிக்கையில் ஒவ்வொரு கணினிக்கும் மூன்று எண்கள் வருகின்றன: பிளாக் சதவீதம், ஐநோடு சதவீதம், நோஸ்பேஸ் வரியின் இரண்டாவது எண். கட்டிய தரவோடு ஐநோடு பயன்பாடு 1 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. 3 ஜிபி அட்டவணை வீணாகிறதே, பார்ட்டிஷனைப் பழையபடி 16 கேபி கணக்குக்கு மாற்றிவிடலாமா என்று தம்பி கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்றேன். அடுத்து எந்தக் குழு எப்படிப்பட்ட தரவோடு வரும் என்று தெரியாது, 14 கணினிகளை மறுபடி அழித்து நிரப்ப ஒரு முழு இரவு ஆகும்.